மெதுவாக மிதிக்கிற கால்

வேல்விழி பிரேக்கைச் சட்டென்று மிதித்ததே கிடையாது. மிதித்தால் பின்னால் இருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு மூக்கோ கையோ போய்விடும். பின்னால் இருப்பவர்கள் எல்லாம் பொம்மைகள். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவளுக்குக் கொலு பொம்மை செய்கிற சின்ன ஷெட் ஒன்று இருந்தது. அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசி, செய்தித்தாளில் சுற்றி, வைக்கோல் திணித்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, புரட்டாசி பிறப்பதற்குள் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய நீலக் காரை வாங்கினார்கள். வாங்கிய மறுநாளே பின் சீட்டைக் கழற்றி ஷெட் மூலையில் போட்டாயிற்று.

கட்டிய பெட்டிகளோடு ஓட்டி ஓட்டி அவள் காலுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. நிற்க வேண்டிய இடம் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவாள். பிறகு பெடலின் மேல் காலை வைத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி மெல்ல அழுத்திக்கொண்டே போவாள். கார் எப்போது நின்றது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியாது.

ஆடி மாதம் ஒருநாள் விருத்தாசலம் பாலக்கரையில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது அது முதல் தடவை நடந்தது. கார் நின்றுவிட்டது, கால் பெடலில்தான் இருந்தது, ஆனால் பெடல் காலுக்குக் கீழே நழுவிப் போனது. சேற்றில் கால் புதைகிற மாதிரி நிதானமாக, சத்தமில்லாமல் இறங்கியது. கார் அரை முழம் முன்னால் நகர்ந்தது. பதறிக் காலை எடுத்து மறுபடி மிதித்தாள். பெடல் ஒன்றுமே நடக்காதது போல மேலே வந்து கெட்டியாக நின்றது.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். ராஜ்மோகனுக்குச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை, மண் அள்ளுகிற டிப்பர் ஓட்டுகிறான்.

"என்னங்க, பிரேக் காலுக்குக் கீழ எறங்குது. வண்டி நிக்குது, நின்னப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிப் போவுது."

"எங்க, பாக்கலாம்."

அவன் ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தான். தெருவைச் சுற்றி ஓட்டிப் போய் வாசலில் டயர் கிறீச்சிட நிறுத்தினான். "கல்லு மாதிரி இருக்குது. உனக்குச் சும்மா தோணியிருக்கும்."

இருந்தாலும் பைபாஸ் பக்கம் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். அவர்கள் பழைய பிரேக் ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்து, பின்சக்கரத்து பிரேக் ஷூவையும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தார்கள். சில நாள் நன்றாக இருந்தது. அப்புறம் பெண்ணாடம் ரயில்வே கேட்டில் மறுபடியும் பெடல் இறங்கியது. திரும்பக் கொண்டுபோனதற்கு அங்கிருந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பிரேக்குல ஒண்ணும் இல்ல. சீட்ட கொஞ்சம் முன்னாடி தள்ளிப் போட்டுக்குங்க, கால் நல்லா எட்டும்" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை, உண்மையாகவேதான் சொன்னான். அதுதான் அவளை அதிகம் உறுத்தியது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிற அளவு சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தாள். செருப்பு தடிமனாக இருக்கிறதோ என்று வெறுங்காலில் ஓட்டினாள். ராஜ்மோகன் ஓட்டினால் நிற்கிறது, மெக்கானிக் ஓட்டினால் நிற்கிறது. ஏதோ தன் காலில்தான் கோளாறு என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டாள்.

ஆவணியில் சென்னைக் கடை ஒன்றுக்குச் சரக்கு போக வேண்டியிருந்தது. வேப்பூர் கூட்டுரோட்டில் பார்சல் லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். காலையிலேயே பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வேல்விழி கிளம்பினாள். கூட இளமதி வந்தாள். ஷெட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது இளமதியின் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சென்னைக்கான பெட்டிகளை வேறு யார் இறக்கினாலும் அவளுக்கு மனசு ஒப்பாது.

வேப்பூரில் மேம்பாலத்துக்குக் கீழே போகிற பக்கத்துச் சாலை சரிவாக இறங்கும். முன்னால் ஒரு டிராக்டர் திரும்ப முடியாமல் நின்றுகொண்டிருந்தது. வேல்விழி அதற்கு நன்றாகப் பின்னாலேயே, சரிவிலேயே காரை நிறுத்தினாள். டிராக்டருக்கும் காருக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் தலையில் புல்லுக்கட்டோடு பெண்கள் நாலைந்து பேர் சாலையைக் கடந்தார்கள். கடைசியாக வந்தவள் வயதானவள். கட்டு கண்ணை மறைத்ததால் காரைப் பார்க்காமலேயே நிதானமாக நடந்தாள்.

அப்போது பெடல் இறங்கியது.

இந்தத் தடவை அரை முழத்தோடு நிற்கவில்லை. கால் தரை வரைக்கும் போய்விட்டது. கார் இறக்கத்தில் உருள ஆரம்பித்தது. ஹாரன் அடித்தால் கிழவி பயந்து நின்றுவிடுவாள் என்று வேல்விழிக்கு எப்படியோ தோன்றியது. அவள் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. இரண்டு கையாலும் இழுத்தாள். பின்சக்கரங்கள் இறுகி, கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. உள்ளே பெட்டிகள் சரிந்தன. கிழவியின் சேலைத் தலைப்பு பம்பரை உரசிக்கொண்டு போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

வேல்விழியின் கைகள் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை.

"அக்கா" என்றாள் இளமதி. "நான் பாத்தேன்க்கா. உங்க காலு மிதிச்சபடியேதான் இருந்தது. பெடலு தானா கீழ போச்சு. நீங்க காலை எடுக்கவே இல்ல."

இத்தனை வாரத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான். வேல்விழி அழவில்லை. இளமதியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

சாலையோர டீக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். வேல்விழி புருஷனுக்குப் போன் போட்டாள். டீக்கடைக்காரர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மங்கலம்பேட்டையில ரவூப் பாயின்னு ஒருத்தர் இருக்காரு. ரொம்ப வருஷம் துபாயில வண்டி வேலை பாத்தவரு. எங்க வூட்டு வேனை அவருதான் பாக்குறாரு. கூப்பிட்டா வருவாரு" என்று தன் போனிலேயே அழைத்தார்.

இதற்குள் பார்சல் லாரி வந்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், இங்கே திரும்பி வராது. டிரைவர் போனில் அவசரப்படுத்தினான். காரை ஓட்டிக்கொண்டுபோக முடியாது. இரண்டு பெண்கள் இத்தனை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எத்தனை நடை நடப்பது என்று திகைத்து நின்றபோது, எதிரில் புளியமரத்தடியில் புல்லுக்கட்டை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

"என்னா பெட்டி அது?" என்று கேட்டவள் அந்தக் கிழவிதான்.

"பொம்மைங்கம்மா. கொலு பொம்மை. ஒடஞ்சிடும்."

"ஒடைக்காம தூக்குறோம். எங்க வைக்கணும், சொல்லு."

இவளிடம் சொல்லாமல் இந்தப் பெட்டியை இவள் தலையில் தூக்கி வைக்க முடியாது என்று வேல்விழிக்குத் தோன்றியது. "அம்மா, செத்த முன்ன நீங்க ரோட்ட தாண்டுனீங்கள்ல, அப்ப என் வண்டிக்குப் பிரேக் புடிக்கல. உங்க மேல வர இருந்தது. உங்க சேலை வண்டியில ஒரசிச்சு" என்றாள்.

கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காரைப் பார்த்தாள். "ஏறலல்ல?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்புறம் என்னா. எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்டிய தூக்கி வையி."

அவள் பெயர் ராஜாம்பாள். புல்லுக்கட்டு சுமந்த அதே சும்மாட்டின் மேல் பெட்டியை வைத்துக்கொண்டு, கையால்கூடப் பிடிக்காமல் பாலத்தடியில் நடந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். இளமதி முன்னும் பின்னும் ஓடி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எல்லாப் பெட்டியும் ஏறியது. காரின் குலுக்கலில் ஒரு பெட்டி மட்டும் நசுங்கியிருந்தது, அதை அனுப்பவில்லை. திறந்து பார்த்ததில் இரண்டு பொம்மைகள்தான் உடைந்திருந்தன. மீதியில் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் வேல்விழி. வேண்டாம் வேண்டாம் என்றார்கள். ராஜாம்பாள் மட்டும் குனிந்து பார்த்து, சாமிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளைப் பொம்மையை எடுத்தாள். "இவ நல்லாருக்கா" என்று சொல்லி மடியில் கட்டிக்கொண்டாள்.

ராஜ்மோகனும் ரவூப் பாயும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பைக்கில் வந்து இறங்கினார்கள். ராஜ்மோகன் முதலில் பெண்டாட்டியின் தோளைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் சாவிக்குக் கையை நீட்டினான். "குடு, நான் ஓட்டி வூட்டுக்குக் கொண்டாந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல வாங்க."

"குடுக்க மாட்டேன்" என்றாள் வேல்விழி. குரல் உயரவில்லை. "பாத்து முடிக்கிற வரைக்கும் இந்த வண்டிய நீங்களும் ஓட்டக் கூடாது, நானும் ஓட்டக் கூடாது."

ரவூப் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த குறுந்தாடி. கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு ஓட்டுனது?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் பாய் இருந்தது. போன மாசம்கூட ஆயிலு மாத்தி..." என்று ராஜ்மோகன் ஆரம்பித்தான்.

"தம்பி, ஓட்டுனவங்க சொல்லட்டும்."

வேல்விழி சொன்னாள். அவர் இடையிடையே கேட்டார். முதல் மிதியிலேயே பஞ்சு மாதிரி அமுங்குகிறதா, இல்லை முதலில் கெட்டியாக இருந்துவிட்டு அப்புறம் இறங்குகிறதா? எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வருகிறதா? இன்ஜின் ஓடும்போது மட்டுமா? ஆயில் குறைகிறதா? கேள்விகள் எல்லாம் அவளுக்கு விடை தெரிந்த கேள்விகளாகவே இருந்தன. இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

அவர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெடல் கல்லாக நின்றது.

"கெட்டியா இருக்குதேம்மா" என்றார்.

இவரும் சீட்டை முன்னால் தள்ளச் சொல்லப்போகிறார் என்று வேல்விழி நினைத்தாள். ராஜ்மோகன் அவளைப் பார்க்காமல் பாலத்தைப் பார்த்தான்.

ஆனால் பாய் எழுந்து போகவில்லை. பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தார், நிறைவாக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் பின்னால் படுத்துப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதித்து, காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்தார். பெடல் இம்மியளவு தாழ்ந்து நின்றது. "பூஸ்டர் சரியா இருக்குது" என்று, மிதிக்கு வலுச் சேர்க்கிற பாகத்தைப் பற்றித் தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்சக்கர டிரம்மைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இன்னும் காற்று இருக்குமோ என்றார். பிறகு அவரே, காற்று இருந்தால் இப்படிக் கல்லாக நிற்காது என்று தலையை ஆட்டிக்கொண்டார். டீ வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காரையே பார்த்தபடி நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புடிபடல. ஆனா நீங்க சொல்றது பொய்யா இருக்காது" என்றார். டம்ளரை வைத்துவிட்டு, "நீங்க ஏறி உக்காருங்கம்மா. நான் மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்க. தினமும் பொம்ம ஏத்திக்கிட்டு எப்படி மிதிப்பீங்களோ, அப்படியே மிதிங்க" என்றார்.

வேல்விழி உட்கார்ந்தாள். பாய் திறந்த கதவுக்கு வெளியே தரையில் முழங்காலிட்டு, தலையைச் சாய்த்து அவள் பாதத்தையும் பெடலையும் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே டிராக்டர் நிற்கிறது, பின்னால் பெட்டிகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு மெல்ல அழுத்தினாள். பெடல் பாதி வரை போய் நின்றது. அவள் காலை அப்படியே வைத்திருந்தாள். பாலத்தின் மேலே ஒரு லாரி போனது, இன்னொன்று போனது.

பெடல் இறங்கத் தொடங்கியது.

"அப்படியே வச்சிருங்க. எடுக்காதீங்க" என்றார் பாய் மெதுவாக. அது இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது. "இப்ப காலை எடுத்துட்டு ஓங்கி மிதிங்க."

ஓங்கி மிதித்தாள். கல்லாக நின்றது.

"மாஸ்டர் சிலிண்டர்" என்று சொல்லி பாய் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். அவர் முகத்தில் வந்த மலர்ச்சி ஒரு குழந்தையினுடையது போல இருந்தது. "தம்பி, இங்க வாங்க. காலால வேணாம், கையால அமுக்குங்க. அமுக்குறதே தெரியக் கூடாது."

ராஜ்மோகன் குனிந்து உள்ளங்கையால் பெடலை மெல்ல அழுத்திப் பிடித்தான். அது தன் கைக்குக் கீழே நழுவிப் போவதைக் கடைசி வரைக்கும் பார்த்தான்.

"உள்ள ரப்பர் வாஷர் இருக்குது" என்று பாய் விளக்கினார். "அதுதான் ஆயிலத் தள்ளி சக்கரத்துக்கு அனுப்புறது. அது தேஞ்சி போச்சு. நாம ஓங்கி மிதிச்சா ரப்பர் விரிஞ்சி சுவத்தோட ஒட்டிக்கும், ஆயில் தப்பிக்க முடியாது. மெதுவா மிதிச்சா ஓரமா கசிஞ்சி திரும்பி டப்பாவுக்கே போயிடும். அதனாலதான் கீழ சொட்டல, ஆயிலும் கொறையல. நாங்க எல்லாரும் ஓங்கி மிதிச்சே பாத்துட்டு நல்லா இருக்குதுன்னுட்டோம். நானும்தான். இந்த வண்டியில கெட்டுப்போனத கண்டுபுடிச்சது இவங்க காலுதான்."

இளமதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ராஜ்மோகன் பெடலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான். "நான் மிதிச்சி மிதிச்சே உன்னப் பொய்க்காரி ஆக்கிட்டேன்" என்றான். பெண்டாட்டியிடம்தான் சொன்னான். ஆனால் பாயும் இளமதியும் டீக்கடைக்காரரும் கேட்கும்படியாகவே சொன்னான்.

காரை அன்றைக்கே இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து மங்கலம்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். பழைய மாடல் என்பதால் சிலிண்டர் விழுப்புரத்தில் இல்லை, திருச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது. வாஷரை மட்டும் மாற்றலாமா என்று ராஜ்மோகன் கேட்டதற்கு, உள்சுவரும் அரித்திருக்கிறது, முழுசாகவே மாற்றிவிடுவோம் என்றார் பாய். கழற்றிய சிலிண்டரை வேல்விழி வந்து பார்க்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தார்.

அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் போனார்கள். பாய் அந்த ரப்பரை அவள் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை, விளிம்பு ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. இதற்குத்தானா அத்தனை பயம் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. பிறகு அவளை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைத்தெரு வழியாக, பள்ளிவாசலைத் தாண்டி, ஊர் எல்லை வரைக்கும் போய் ஒரு இறக்கத்தில் நிறுத்தச் சொன்னார். அவள் தன் வழக்கம்போல மெல்ல அழுத்தினாள். பெடல் பாதியில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஒரு ஆட்டு மந்தை முழுசாகக் கடந்து போகும்வரை அவள் காலை எடுக்கவில்லை.

"போதுமாம்மா?" என்றார் பாய்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாய்."

அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினார்.

பாயின் ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் வீட்டிலிருந்து டீயும் சமோசாவும் வந்தன. பாயின் பெண்டாட்டி வாசல்வரை வந்து, "நீங்கதானா அது? வூட்டுக்கு வந்ததிலேர்ந்து உங்க கதையத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றாள். கிளம்பும்போது வேல்விழி நன்றி சொன்னாள். பாய் கையை ஆட்டி மறுத்தார். "வண்டிய சரி பண்றது என் பொழப்பு. இதுக்குப் போயி..."

"சரி பண்ணதுக்கு இல்ல பாய்" என்றாள் வேல்விழி. "உங்களுக்குப் புடிபடாதப்பவும் என்னய கேட்டீங்கல்ல. அதுக்கு."

பாய் தலை குனிந்து, மார்பில் கையை வைத்து, ஏற்றுக்கொண்டார்.

பைக்கை மறுநாள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி பாயின் ஷெட்டிலேயே விட்டுவிட்டு, ராஜ்மோகன் காரில் பக்கத்து சீட்டில் ஏறினான். சாவியை அவன் கேட்கவில்லை. முந்தின இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்தவன். விருத்தாசலம் சாலையில் ஏறியதும் தூறல் விழ ஆரம்பித்தது. கரும்பு வயல்களின் மேல் காற்று புரண்டு வந்தது. வேல்விழி வைப்பரைப் போட்டாள். வேப்பூரில் தலைச்சுமையோடு நடந்த பெண்களை நினைத்தாள், தன் காலையே பார்த்துக்கொண்டிருந்த இளமதியை நினைத்தாள். யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நிறைவு அவளுக்குள் இருந்தது.

முன்னால் போன டவுன் பஸ் நிறுத்தத்துக்கு ஒதுங்கியது. அவளும் வேகத்தைக் குறைத்து அதற்குப் பின்னால் நிறுத்தினாள். "பஸ்ஸு இன்னிக்கு என்னா கூட்டம் பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

ராஜ்மோகன் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுந்துவிடாதபடி அவள் காரை மெல்ல எடுத்தாள்.